முள் ஏறினால் முதலில் பாட்டிலைத் தேடாதீர்கள்
லாரி இன்ஜின் சூடும் கூலன்ட் அடிட்டிவும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அக்னி நட்சத்திர நாட்களில் சேலத்தைத் தாண்டி தர்மபுரிப் பக்கம் போகும் லோடு லாரி, தொப்பூர் ஏற்றத்தில்தான் தன் குறையைக் காட்டும். சமதரையில் அசையாமல் நின்ற டெம்பரேச்சர் முள் பாதி ஏற்றத்தில் சிவப்பைத் தொடும். அடுத்து வரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், "இதை ஒரு பாட்டில் ஊத்துங்கண்ணே, சூடு இறங்கிடும்" என்று ஒரு அடிட்டிவை நீட்டுவார்கள்.

கடையில் கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது. கொதிக்கும் உலோகச் சுவரில் நீராவிக் குமிழ்கள் ஒட்டி நிற்காமல் விலகுவதால் சூடு சற்று வேகமாகத் தண்ணீருக்கு மாறும். மற்றொன்று, துருவையும் லைனர் அரிப்பையும் தடுக்கும் மருந்து. இது சூட்டைக் குறைக்காது, இன்ஜினைக் காக்கும். இரண்டுக்கும் பயன் உண்டு. ஆனால் அடைத்த ரேடியேட்டரை இரண்டுமே திறக்காது.

செய்ய வேண்டியவை

1. காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபேன் பெல்ட் தளர்ச்சி, ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்ப் கசிவு, உப்பிய ஹோஸ், ரேடியேட்டர் மூடி என்று வரிசையாகப் பாருங்கள். மூடி சின்னப் பொருள்தான். ஆனால் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும்.

2. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். இடையில் பஞ்சு, வைக்கோல் தூசு, செத்த பூச்சி எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். எங்கள் பட்டறைக்குச் சூட்டோடு வந்த ஒரு வண்டியில் அந்தக் கம்பளியைக் கையால் உரித்தே எடுத்தோம். அடிட்டிவ் ஒரு சொட்டுகூட விடவில்லை. அடுத்த நடையில் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

3. சிஸ்டம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள். காரின் அளவுக்குத் தயாரித்த பாட்டில், அதைப்போல் சில மடங்கு தண்ணீர் பிடிக்கும் லாரியில் கரைந்து காணாமல் போகும். பாட்டிலில் உள்ள விகிதப்படி கணக்குப் போட்டு ஊற்றுங்கள்.

4. டி.எம். வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) மட்டும் கலக்குங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தன்மை வீட்டுப் பாத்திரத்தின் அடியிலேயே தெரியும். அதே வெள்ளைப் படிவு சிலிண்டரைச் சுற்றிப் படிந்தால் சூடு தண்ணீருக்கு வராது. எந்த அடிட்டிவும் அந்தப் படிவைத் தாண்டி வேலை செய்யாது.

5. லைனருக்கான மருந்தை டெஸ்ட் ஸ்ட்ரிப் பார்த்துச் சேருங்கள். டீசல் இன்ஜினில் லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி வெடிக்கும். கழற்றிய லைனரைக் கையில் பிடித்தால், ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஊசியால் குத்தியது போல வரிசையாகத் துளைகள் தெரியும். ஒன்று உள்ளே எட்டிவிட்டால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். நைட்ரைட் கலந்த மருந்து லைனர் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரிப்பை நனைத்து, குறித்த நேரத்துக்குள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். இந்த மருந்து தேவைப்படாத கூலன்டுகளும் உண்டு. அதையும் கையேடே சொல்லும்.

6. ஏற்றத்தில் முன்கூட்டியே கியரை இறக்குங்கள். மேல் கியரில் இன்ஜினை இழுக்கவிட்டால் ஆர்.பி.எம். விழும். கூடவே வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவாகும். சூடு அதிகம் பிறக்கும் நேரத்தில் குளிர்ச்சி குறைவது அப்படித்தான்.

7. ஊற்றிய பிறகு அளந்து பாருங்கள். அதே ஏற்றம், அதே லோடு, அதே வெயில் நேரம். முன்னும் பின்னும் முள் நின்ற இடத்தை நோட்டில் எழுதினால்தான் பலன் தெரியும்.

செய்யக்கூடாதவை

1. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 100 டிகிரிக்கு மேல் சூடேறிய தண்ணீர் மூடி விலகிய நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறப்பதும் காப்பு அல்ல. ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

2. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசாதீர்கள். பல லாரிகளில் இது சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். இன்ஜின் எவ்வளவு சூட்டில் ஓட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல இன்ஜின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி மூடாது. தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பும். சமதரையில் குளிர்ந்துபோன இன்ஜின், ஏற்றத்தில் முன்னைவிட மோசமாகக் கொதிக்கும்.

3. சூடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுதாக எரியாமல் ஆயிலில் இறங்கும், லைனர் தேயும். பி.எஸ்.6 வண்டிகளில் புகைக்குழாய் போதிய சூடு ஏறாவிட்டால் யூரியா சிஸ்டமும் தகராறு செய்யும்.

4. பாட்டில் வாக்குறுதியை அப்படியே நம்பாதீர்கள். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் அடிட்டிவ் வெறும் தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த சிஸ்டத்தில் பலன் வெகுவாகக் குறையும். அதற்காகக் கூலன்டை விட்டுவிட்டுத் தண்ணீரும் அடிட்டிவும் மட்டும் ஊற்றினால், கொதிநிலை இறங்கும், துருக்காப்பும் குறையும்.

5. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் சாயம்தான். ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் இருக்கும். சேராதவை சேர்ந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும்.

6. மருந்தை அளவுக்கு மீறி ஊற்றாதீர்கள். மிஞ்சியது படிவாகி வாட்டர் பம்ப் சீலை அரிக்கும். ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும்.

7. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளையோ லீக் பவுடரையோ நிரந்தர வைத்தியமாக்காதீர்கள். ஓட்டையை அடைக்கும் தூள், நல்ல குழாயையும் அடைக்கும். நடுவழியில் வேறு வழியில்லாமல் போட்டிருந்தால், ஊர் வந்ததும் சிஸ்டத்தைக் கழுவி ரேடியேட்டரைப் பற்றவைத்துவிடுங்கள்.

8. கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட் வெடித்துவிடும். முழுதாக ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

9. பழைய கூலன்டைத் தரையில் திறந்துவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தெருநாய் நக்கினாலும், குழந்தை குடித்தாலும் சிறுநீரகம் போகும். கேனில் பிடித்து, "விஷம்" என்று எழுதி, கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

10. டிரைவர் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். "முள்ளு வழக்கத்தைவிட ஒரு கோடு ஏறி நிக்குதுங்க" என்று அவர் சொல்லும் நாளில் வேலை பெல்ட் மாற்றுவதோடு முடியலாம். அடுத்த நடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஹெட் கேஸ்கெட் போய் இரவு இரண்டு மணிக்கு மலைப்பாதையில் லோடோடு நிற்கப்போவதும் அவர்தான்.