டெலிட், ரிமூவ், கிளியர், எரேஸ்: எல்லாம் ஒன்றா?

ஆங்கில அகராதியில் டெலிட் என்ற சொல்லைத் தேடினால் ரிமூவ், எரேஸ், கிளியர் எனப் பல சொற்கள் அதன் பக்கத்திலேயே தரப்பட்டிருக்கும். பள்ளியில் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று படித்திருப்போம். ஆனால் கம்ப்யூட்டர் மெனுவில் இவை ஒன்றுக்குப் பதிலாக ஒன்று வருவதில்லை. ஒன்றில் கிளிக் செய்தால் எதுவும் அழியாது. இன்னொன்றில் கிளிக் செய்தால், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த போட்டோக்கள் அனைத்தும் போய்விடும். எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்து கொள்வது நல்லது.

புரோகிராம் எழுதும் எங்களுக்கும் இது அன்றாட விஷயம். டேட்டாபேஸ்களில் பயன்படும் எஸ்.க்யூ.எல். மொழியில் டெலிட் என்று கட்டளை கொடுத்தால் அட்டவணையில் உள்ள வரிசைகள் மட்டும் நீங்கும், அட்டவணை இருக்கும். டிராப் என்று கொடுத்தால் அட்டவணையே போய்விடும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே போலத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டெலிட்: ஒரு பொருளையே நீக்குவது. விண்டோஸில் ஒரு பைலைத் தேர்ந்தெடுத்து டெலிட் கீயை அழுத்தினால், அது ரீசைக்கிள் பின்னுக்குச் செல்கிறது. இந்த வசதி 1995ல் வந்த விண்டோஸ் 95 தொகுப்பில் அறிமுகமானது. தவறுதலாக நீக்கிய பைலை அங்கு தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பைல் பழைய இடத்திற்கே வந்துவிடும். ஆனால் ஷிப்ட் கீயுடன் டெலிட் கீயை அழுத்தினால் பைல் ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. பென் டிரைவில் உள்ள பைல்களும் அப்படித்தான். சாதாரணமாக டெலிட் செய்தாலும் அவை நேரடியாக நீக்கப்படும்.

என் சித்தி ஒருமுறை பென் டிரைவில் இருந்த கல்யாணப் போட்டோக்களை டெலிட் செய்துவிட்டு, ரீசைக்கிள் பின்னில் தேடிக் கொண்டிருந்தார். பைல்களை மீட்டுத் தரும் புரோகிராம் ஒன்றை இயக்கிப் பார்த்ததில் பெரும்பாலான படங்கள் கிடைத்தன. அதற்குக் காரணம், டெலிட் செய்யும்போது பைலின் டேட்டா உடனே அழிக்கப்படுவதில்லை. அந்த இடம் காலி என்று குறித்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதிய பைல் அதன் மேல் எழுதப்படும்போதுதான் பழையது அழிகிறது. சித்தி அந்த பென் டிரைவில் வேறு எதையும் பதியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருப்பது எஸ்.எஸ்.டி. டிரைவ் என்றால் இந்த வாய்ப்பும் குறைவு. காலியான இடங்களை அது தானே சுத்தம் செய்து கொள்ளும்.

ரிமூவ்: ஓர் இடத்திலிருந்து எடுப்பது. எடுத்த பொருள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கலாம். வேர்டில் அண்மையில் திறந்த பைல்களின் பட்டியலில் ரிமூவ் பிரம் லிஸ்ட் என்று கொடுத்தால், பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும். பைல் அப்படியே இருக்கும். பென் டிரைவைக் கழற்றும் முன் பயன்படுத்தும் சேப்லி ரிமூவ் ஹார்ட்வேர் என்பதைப் பார்த்து, உள்ளே இருப்பது அழிந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எதுவும் அழியாது. எழுதும் வேலையை முடித்துக் கொண்டு டிரைவைக் கழற்ற வழி விடுவதுதான் அதன் வேலை.

போனில் ரிமூவ் அக்கவுன்ட் என்று கொடுத்தால் அந்தப் போனிலிருந்து மட்டும் உங்கள் கூகுள் கணக்கு விலகும். டெலிட் அக்கவுன்ட் என்பது கணக்கையே மூடுவது. அதனுடன் மெயில்களும் போட்டோக்களும் போகும்.

ஆனால் ரிமூவ் என்றாலே பயமில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. விண்டோஸில் ரீசெட் திஸ் பிசி என்ற பிரிவில் ரிமூவ் எவ்ரிதிங் என்று ஒன்று உண்டு. இது உங்கள் பைல்கள், புரோகிராம்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடும். அதனால்தான் சொல்லை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் உள்ள சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிளியர்: பாத்திரத்தை வைத்துக் கொண்டு உள்ளே இருப்பதைக் கொட்டுவது. பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் இதற்கான கட்டம் கிடைக்கும். ஹிஸ்டரி, குக்கீஸ், கேஷ் என வரிசையாக இருக்கும். கேஷ் போனால் நஷ்டம் இல்லை; தளங்கள் முதல் முறை சற்று மெதுவாகத் திறக்கும். குக்கீஸ் போனால் தளங்களில் மறுபடி லாக் இன் செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் என்ற வரி இருந்தால் அதில் டிக் அடிக்கும் முன் யோசிக்கவும். போனிலும் கிளியர் கேஷ் ஆபத்தில்லாதது. கிளியர் டேட்டா அல்லது கிளியர் ஸ்டோரேஜ் என்பது அந்த அப்ளிகேஷன் போனில் சேமித்து வைத்த அனைத்தையும் நீக்கும்.

எரேஸ், பார்மட்: இவை முழு டிரைவையும் துடைப்பதற்கு. எரேஸ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குச் சுரண்டி எடுத்தல் என்று பொருள். குயிக் பார்மட் செய்தால் பைல்களின் பட்டியல் மட்டும் புதிதாகிறது. பழைய டேட்டாவை மீட்க முடியும். எனவே பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் குயிக் பார்மட் போதாது. குயிக் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்திடவும். விண்டோஸ் விஸ்டா முதல், முழு பார்மட் செய்கையில் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படுகின்றன. ஒரு வேடிக்கை, கமாண்ட் பிராம்ப்ட்டில் டெல், எரேஸ் என இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டும் செய்வது ஒரே வேலை, பைலை நீக்குவது. இங்கு மட்டும் அகராதி சொன்னது சரியாகிவிட்டது!

அன்இன்ஸ்டால்: புரோகிராமை நீக்குவது. டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை டெலிட் செய்தால் புரோகிராம் போகாது; ஷார்ட்கட் மட்டுமே போகும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் எனச் சென்று, உரிய புரோகிராமைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் செய்திடவும்.

ப்ரீ அப் ஸ்பேஸ்: இன்று அதிகம் குழப்புவது இதுதான். கூகுள் போட்டோஸில் இதனைக் கொடுத்தால், இணையத்தில் பேக்கப் ஆன படங்களின் போன் பிரதி மட்டும் நீங்கும். அதே படத்தை டெலிட் செய்தால் போன், இணையம் இரண்டிலிருந்தும் போகும். பேக்கப் ஆன படம் டிராஷ் பிரிவில் 60 நாட்கள் இருக்கும். ஜிமெயிலில் டெலிட் செய்த மெயில் 30 நாட்கள் டிராஷில் இருக்கும். ஆனால் ஆர்க்கைவ் செய்த மெயில் இன்பாக்ஸிலிருந்து மறைந்தாலும், ஆல் மெயில் பிரிவில் அப்படியே இருக்கும்.

தமிழ் மெனு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கும் நீக்கு, அகற்று, அழி என வெவ்வேறு சொற்கள் வருகின்றன. எந்த மொழியானாலும் கிளிக் செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. போவது எது? பொருளா, பட்டியலில் உள்ள அதன் பெயரா?
2. எங்கிருந்து போகிறது? இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமா, எல்லா இடங்களிலிருந்துமா?
3. திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எத்தனை நாட்களுக்குள்?

மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் கேன்சல் பட்டனை அழுத்தி வெளியேறவும். முக்கியமான பைல்களுக்கு வேறு ஒரு டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைக்கவும். அதன் பின்னர் எதை நீக்கினாலும் கவலை இல்லை.