சின்னக் கோடுதானே என்று விடாதே

அன்பு மருமகளுக்கு,

ஸ்பெயினிலுள்ள சலமன்கா போக விசா வந்துவிட்டது என்றதும் மனசு நிறைந்தது. ஆனால், "ஸ்பானியச் சொல்லை அசை பிரிக்கிறதெல்லாம் எதுக்கு அத்தை, கேட்டுக் கேட்டுத் தானா வந்துடும்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

தானாக வராது, கண்ணு. நம் நாக்கு அழுத்தத்துக்குப் பழகியதில்லை. அழுத்தச் சொன்னால் நெடிலாக்கி இழுத்துவிடும். ஸ்பானிய மொழியில் தெர்-மி-னோ என்று ஒரு சொல். முதல் அசையை அழுத்தினால் முடிவு. நடு அசையை அழுத்தினால் முடிக்கிறேன். கடைசி அசையை அழுத்தினால் முடித்தாள். பரீட்சையில் வாய்திறந்து பேசும்போது எதைச் சொல்வாய்?

யாப்பில் படித்த நிரையசையை இங்கே கொண்டுவராதே. அங்கே இரண்டு குறில் சேர்ந்து ஓரசையாகும், இங்கே ஆகாது. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது அடுத்த உயிரோடு போகும்: கா-சா. இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்று: கார்-தா. ஆனால் பா-த்ரே என்பதில் அந்த இரண்டும் பிரியாது. இகரமும் உகரமும் மெலிந்தவை, பக்கத்து உயிரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மா-ரியோ இரண்டே அசை. மா-ரீ-யாவில் இகரத்தின் மேல் அழுத்தத்தைக் காட்டும் சாய்கோடு ஏறுவதால் ஒட்டாமல் நிற்கிறது, மூன்று அசை.

பிரித்தபின் சொல்லின் கடைசி ஒலியைப் பார். உயிர், ன், ஸ் என்றால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய் என்றால் கடைசி அசையில். இதை மீறும் சொல்லுக்குச் சாய்கோடு கட்டாயம். ஹோபென் என்றால் இளைஞன், கோடு கிடையாது. பன்மையில் ஹோபெனெஸ் ஆனதும் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசைக்குப் போய்விடுவதால் ஹோவின் மேல் கோடு வேண்டும்.

அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடாதே. கைபேசியில் எல்லாரும் விடுகிறார்கள் என்று சொல்லாதே. தாத்தா பட்டாவில் ஒரு துணைக்கால் விட்டுப்போனபோது உன் அப்பாவும் "சின்னக் கோடுதானே" என்றார். தென்னந்தோப்பு என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். நான் அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? பெரிய எழுத்துக்குக் கோடு தேவையில்லை என்று ஸ்பெயினிலேயே சிலர் சொல்வார்கள். 1713-இல் தொடங்கிய அவர்களுடைய அரச மொழிக்கழகம் அப்படி ஒருநாளும் விதித்ததில்லை. போட்டே எழுது.

விதியைப் படிப்பதா, காதை நம்புவதா என்பது உன் விருப்பம். விமானம் ஏறும்வரை தினமும் பத்துச் சொல்லைப் பிரித்து எனக்கு அனுப்பு, அது போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டேனே என்று முகம் வாடாதே. நம் வீட்டிலேயே உன்னைப்போல் கெட்டிக்காரி கிடையாது. குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், பருப்புப்பொடியும் அரைத்தாயிற்று. கையில் பணம் குறைந்தால் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு, என் தங்கமே.

உன் அத்தை