ஓய்வா, ஒதுங்குதலா?

குருக்ஷேத்திரப் போர் தொடங்கும் வேளையில் அர்ஜுனன் நாடியது வெற்றியை அன்று, விடுதலையை. பெரியோரைக் கொன்று அரசபோகம் துய்ப்பதைவிடப் பிச்சையேற்று உண்பதே மேல் என்றான். கேட்பதற்கு அது துறவியின் சொல் போலவே ஒலிக்கிறது. ஆயினும் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் அதை ஏற்கவில்லை. உடல் நடுங்கி, காண்டீபம் கைநழுவிய வேளையில் பிறந்த விருப்பம் அது. அதன் ஊற்று ஞானமன்று, கலக்கம் என்பதை அவர் கண்டார்.

ஆட்குறைப்பில் வேலை இழந்த நடுவயதினர் பலரின் உள்ளத்திலும் இத்தகைய ஓர் எண்ணம் எழுவதுண்டு. "இருபது ஆண்டுகள் உழைத்தாயிற்று. ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். இருப்பதைக் கொண்டு அமைதியாக வாழ்ந்துவிடலாம்." தனியொருவர் இவ்வாறு முடிவு செய்தால் அதன் பலன் அவரோடு போயிற்று. வீட்டில் பள்ளி செல்லும் குழந்தைகள் இருக்கும்போது கேள்வி கனமாகிறது. இது பணத்தின் கணக்கா, தர்மத்தின் கணக்கா? இரண்டும்தான். ஆனால் தர்மத்தின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

மூவகைத் தியாகம்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமஸத் தியாகம். துன்பம் தருகிறது, உடலுக்கு வருத்தம் என்ற அச்சத்தால் விடுவது ராஜஸத் தியாகம். அவ்வாறு விடுபவன் தியாகத்தின் பலனை அடைவதில்லை என்று பகவான் வெளிப்படையாகவே கூறுகிறார். செய்ய வேண்டியது என்பதற்காகவே கடமையைச் செய்து, அதில் உள்ள பற்றையும் பலனையும் விடுவது சாத்விகத் தியாகம்.

இந்த மூன்றையும் வேலை இழந்தவரின் நிலையோடு பொருத்திப் பார்க்கலாம். எழுந்து செயல்பட மனமின்றி, "எல்லாம் விதிப்படி நடக்கும்" என்று நாட்களைக் கழிப்பது முதல் வகை. நேர்காணலில் தன்னைவிட இளையவர் முன் அமர நேருமே, பழைய சம்பளமும் பதவியும் கிடைக்காதே என்ற கூச்சத்தால் "ஓய்வு பெற்றுவிட்டேன்" என்று அறிவிப்பது இரண்டாம் வகை. வெளிப்பார்வைக்கு ஓய்வு, உள்ளே காயம். மூன்றாம் வகையினர் முதலில் கடமை எது என்று பார்க்கின்றனர். அதன்பின் அந்தக் கடமையை வேலையில் இருந்து நிறைவேற்றுவதா, வேலையின்றி நிறைவேற்றுவதா என்று முடிவு செய்கின்றனர்.

வேலை வேறு, கடமை வேறு. வேலையை நிறுவனம் தருகிறது. அதுவே திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளை வளர்க்கும் கடமையை எந்த நிறுவனமும் தரவில்லை. எந்த ஆட்குறைப்பும் அதனை நீக்க இயலாது.

காசிக்குப் போனவர்

ஸ்ரீராமகிருஷ்ணர் 'மர்க்கட வைராக்கியம்' என்ற ஒன்றைப் பற்றிச் சொல்வதுண்டு. வீட்டுத் தொல்லை தாங்காமல் ஒருவன் காவி உடுத்துக் காசிக்குப் போய்விடுகிறான். நெடுநாள் அவனிடமிருந்து செய்தியே இல்லை. பின்னர் ஒரு நாள் வீட்டுக்குக் கடிதம் வருகிறது: தனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்று! அவனுக்கு உலகம் கசக்கவில்லை. உலகம் அவனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பணிநீக்கத்தை அடுத்து எழும் ஓய்வு எண்ணத்தைச் சோதிக்க இந்தக் கதை சிறந்த உரைகல். பழைய சம்பளத்திலேயே நாளை ஒரு வேலை தேடி வந்தால் என்ன செய்வேன் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். மறுகணமே ஏற்றுக்கொள்வேன் என்பது விடையானால், உள்ளே இருப்பது ஓய்வு விருப்பமன்று, ஏமாற்றம். ஏமாற்றம் பாவமன்று, இயல்பே. ஆனால் அதனை வைராக்கியம் என்று பெயரிட்டு அழைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

குஞ்சுக்குச் சிறகு முளைக்கும் வரை

தட்சிணேசுவரத்துக்கு ஒருவர் வந்து சில நாட்கள் தங்கினார். அங்கேயே இருந்துவிட விரும்பினார். மனைவியையும் குழந்தைகள் பலரையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு அவர் வந்திருப்பது ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தெரிந்தது. இறைவனைத் தவிர வேறொன்றையும் நாடாத அந்த மகான், அவரைக் கடுமையாகக் கண்டித்தார். ஊரார் வந்தா அந்தக் குழந்தைகளுக்குச் சோறிட்டு வளர்ப்பார்கள் என்று கேட்டார். வேலை தேடிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

குழந்தைகளைக் காக்கும் கடமை எதுவரை என்று ஒரு நீதித்துறை அதிகாரி அவரிடம் கேட்டபோது, அவர்கள் உரிய வயதை அடையும் வரை என்று விடையளித்தார். குஞ்சு வளர்ந்து தானே இரை தேடத் தொடங்கியதும் தாய்ப்பறவை அதனைக் கொத்தி விலக்குவதை உவமையாகக் காட்டினார். தமக்குப்பின் மனைவிக்கு வேண்டியதையும் இல்லறத்தான் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றார்.

இவ்விடையில் இரண்டு எல்லைகள் உள்ளன. சிறகு முளைக்காத குஞ்சை விட்டுப் பறப்பது அதர்மம். சிறகு முளைத்தபின்னும் அதற்காகவே பொருள் சேர்த்துக்கொண்டிருப்பது பற்று. மனுஸ்மிருதியும் வானப்பிரஸ்தத்துக்கு உரிய காலமாகத் தோல் சுருங்குவதையும், தலை நரைப்பதையும், பேரக்குழந்தை பிறப்பதையும் கூறுகிறது. அடுத்த தலைமுறை தன் காலில் நின்றபின்னரே விலகல் என்பது இதன் கருத்து.

கணக்குப் பார்ப்பதும் கடமையே

ஆன்மிக நாட்டம் உடையவர் சிலர் வரவு செலவுக் கணக்கைத் தாழ்வாக எண்ணுவர். குழந்தைகள் உள்ள வீட்டில் அது பொருந்தாது. கணக்கை மறைப்பதோ தவிர்ப்பதோ சத்தியத்துக்கு மாறானது.

ஓர் எடுத்துக்காட்டு. புணேயில் 44 வயதில் வேலை இழந்த ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். குழந்தைகளுக்கு வயது 12, 7. இன்றைய வீட்டுச் செலவு மாதம் 60,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் அது ஏறத்தாழ 12 ஆண்டுகளில் இரட்டிக்கும். அதே வாழ்க்கைக்கு அவருடைய 56-ஆம் வயதில் 1,20,000 ரூபாயும், 68-ஆம் வயதில் 2,40,000 ரூபாயும் தேவைப்படும். இளைய குழந்தை கல்லூரியில் சேரும்போது அவருக்கு வயது 55. அதாவது செலவு ஏறக்குறைய இருமடங்காகும் நேரமும் கல்லூரிக் கட்டணம் வரும் நேரமும் ஒன்றே.

ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995-இன்படி குறைந்தது 10 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். 50 வயதுக்குமேல் முன்கூட்டியே பெறலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைத்தே தரப்படும். ஆகவே 44 வயதினருக்கு இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு அந்த வழியே இல்லை. நிறுவனம் எடுத்திருந்த குழு மருத்துவக் காப்பீடும் பொதுவாக வேலையோடு முடிந்துவிடுகிறது. குடும்பத்துக்கெனத் தனிக் காப்பீடு எடுத்தபின்னரே மற்ற எதையும் யோசிக்க வேண்டும்.

மொத்தமாகக் கைக்கு வரும் தொகையிலும் ஒரு மயக்கம் உண்டு. 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினர். 2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறே ஓய்வு பெற்றனர். மாதச் சம்பளத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே தவணையில் வரும் தொகை மலைபோல் தோன்றும். ஆனால் அது அறுவடை நெல் அன்று, விதைநெல். அதிலிருந்து முளைப்பதை உண்ணலாம். அதையே உண்டுவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைக்க ஒன்றும் இராது.

இதன் மறுபக்கமும் உண்மை. கடன் இல்லை, சொந்த வீடு உண்டு, வாழ்க்கைத்துணைக்கு நிலையான வருவாய் உண்டு, குழந்தைகளின் கல்விக்குத் தனியாக ஒதுக்கிய தொகையைத் தொடத் தேவையில்லை என்ற நிலை சிலருக்கு இருக்கலாம். அத்தகையவர் சம்பள வேலையை விடுவதில் குற்றமில்லை. தேவையான அளவு இருந்தும் அச்சத்தால் மேலும் மேலும் ஓடுவது தர்மமாகிவிடாது. அதுவும் ரஜோகுணத்தின் இன்னொரு முகமே.

நரேந்திரர் நடந்த வீதிகள்

1884-இல் தந்தை விசுவநாத தத்தர் திடீரென மறைந்தபோது நரேந்திரரின் குடும்பம் கடனில் மூழ்கியது. கல்லூரியில் பயின்ற அந்த இளைஞர் விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி, கல்கத்தாவின் வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வீட்டில் எல்லோருக்கும் போதிய உணவில்லை என்று தெரிந்த நாட்களில், வெளியே சாப்பிட அழைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். துறவின் உச்சியைத் தொடப்போகிறவர் அவர். எனினும் தாயையும் தம்பியரையும் தெருவில் விட்டுவிட்டுத் துறவுக்கு ஓடவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்தார், நூல்களை மொழிபெயர்த்தார், சிறிது காலம் பள்ளியில் கற்பித்தார். குடும்பத்துக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்ற உறுதியைக் குருதேவரிடம் பெற்றார்.

சுவாமி விவேகானந்தராக உலகப்புகழ் பெற்ற பின்னரும் தாயைப் பற்றிய கவலை அவரை விட்டு நீங்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் அனுப்பிவந்தார்; தம் தாயின் காலம் உள்ளவரை அது தொடர வேண்டும் என்று சுவாமிஜி மன்னருக்கு எழுதினார். சந்நியாசிக்கே இத்தனை பொறுப்பு என்றால், இல்லறத்தாருக்கு எவ்வளவு!

வேலையின் உயர்வு தாழ்வு பற்றிய தயக்கத்துக்கு மகாபாரதத்தின் வனபர்வம் விடை தருகிறது. முதிய பெற்றோரை விட்டுவிட்டுத் தவம் செய்யச் சென்ற கௌசிகர் என்னும் அந்தணர், மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதரிடம் ஞானம் கேட்க நேர்ந்தது. அந்த வியாதர் தம் தொழிலைச் செய்துகொண்டே தாய் தந்தையரைப் போற்றி வந்தார். இறுதியில் கௌசிகரை அவருடைய பெற்றோரிடமே திருப்பி அனுப்பினார். செய்யும் தொழிலின் பெயர் ஒருவரை உயர்த்துவதில்லை. எதற்காகச் செய்கிறார் என்பதே உயர்த்துகிறது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கிடைக்கும் நேர்மையான வேலை, குழந்தைகளின் பொருட்டு ஏற்கப்படும்போது இழிவன்று; அது கர்மயோகம்.

முடிவெடுக்கும் முறை

கீதையின் நிறைவில் பகவான் அர்ஜுனனுக்குக் கட்டளை இடவில்லை. சொன்னவற்றை எதையும் விட்டுவிடாமல் ஆராய்ந்து, பின்னர் விரும்பியபடி செய் என்கிறார். 'எதையும் விட்டுவிடாமல்' என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

முதலாவது, காயம் ஆறும் முன் முடிவு கூடாது. பணிநீக்கக் கடிதம் வந்த வாரத்தில் வாழ்நாள் முழுவதற்குமான முடிவை எடுப்பது, கலங்கிய குளத்தில் முகம் பார்ப்பதற்கு ஒப்பாகும். சில மாதங்கள் என்று ஒரு காலவரையறை வைத்துக்கொண்டு, அதுவரை வேலை தேடுவதையும் நிறுத்தாதிருப்பது நல்லது.

இரண்டாவது, முடிவு ஒருவருடையது அன்று. தினமும் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் செல்வதுபோல் வீட்டை விட்டுப் புறப்படுபவர்களும் உண்டு. அந்த நடிப்பு சில வாரங்களில் குடும்பத்தின் நம்பிக்கையை அரித்துவிடும். கணக்கேட்டை வாழ்க்கைத்துணையின் முன் விரித்து வைத்துப் பேச வேண்டும். விவரம் அறிந்த குழந்தைகளுக்கும் உண்மையை அவர்கள் வயதுக்கேற்ப எளிமையாகச் சொல்லலாம்.

மூன்றாவது, தன் இயல்பை அறிய வேண்டும். புலன்களை அடக்கி உட்கார்ந்தும் மனத்தால் விஷயங்களையே நினைத்துக்கொண்டிருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது கீதை. வேலையை விட்டபின் பகலெல்லாம் பங்குச்சந்தை நிலவரத்தையும் பழைய சகாக்களின் பதவி உயர்வையும் எண்ணிப் புழுங்கப்போகிறவருக்கு ஓய்வு ஓய்வாகாது. விடியலில் ஜபம், பிள்ளைகளுடன் நேரம், அருகிலுள்ள ஏழை மாணவருக்குப் பாடம் என்று நாளை நிரப்பத் தெரிந்தவருக்கே அது பொருந்தும்.

நான்காவது, தேவைகளைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெறுவதானாலும் மீண்டும் பணியேற்பதானாலும் இது பயன் தரும். ஆறு மாதம் பாதிச் செலவில் வாழ்ந்து பார்த்த குடும்பம், தன் உண்மையான தேவை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்கிறது, அச்சமும் பாதியாகிறது.

இவ்வாறு ஆராய்ந்தபின் ஒருவர் மீண்டும் பணிக்குச் செல்லலாம். மற்றொருவர் இல்லத்தில் இருந்து குழந்தைகளை வளர்க்கலாம். கடமையிலிருந்து தப்பாத வரையில் இரண்டுமே தர்மம்.

குழந்தைகள் பெற்றோரின் சேமிப்பைப் பின்னாளில்தான் பெறுகின்றனர். ஆனால் இழப்பு நேர்ந்த அன்று தந்தையோ தாயோ எப்படி நடந்துகொண்டார் என்பதை அன்றே பெற்றுக்கொள்கின்றனர். பிறரை ஏசாமல், உண்மையை மறைக்காமல், சிறிய வேலையையும் சிரத்தையோடு செய்யும் பெற்றோரைக் கண்டு வளர்ந்த பிள்ளை, தன் வாழ்வில் ஒரு நாள் வேலை இழக்க நேர்ந்தாலும் நிலைகுலையாது.

சிந்தனைக்கு

1. ஓய்வு பெற வேண்டும் என்ற எண்ணம் நன்றாக நடந்துகொண்டிருந்த வேலையிலும் இருந்ததா, இழந்தபின் பிறந்ததா?

2. குடும்பத்தில் இன்னும் சிறகு முளைக்காதவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு?

3. வேலையை விட்டபின் விடப்போவது சம்பளத்தை மட்டுமா, கடமையையும் சேர்த்தா?