மார்ச் மாதத்துப் புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

நீ நடத்தும் பாடத்துக்கான புத்தகம் பல்கலைக்கழக நூலகத்தில் இல்லை என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாய். பரிந்துரைப் படிவத்தை எப்போது கொடுத்தாய் என்று கேட்டேன். பிப்ரவரி என்றாய். சித்தப்பா ஆயுசெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்தவன், நூலகர் பக்கம்தான் பேசுவேன்.

படிவம் துறைத்தலைவர் கையெழுத்தோடு வந்ததும் யாரும் கடைக்கு ஓடிவிடுவதில்லை. அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டலாக்கில் பார்க்க வேண்டும். எல்லாத் துறைப் பட்டியலும் சேர்ந்த பிறகே நூலகக் குழு கூடும். அப்புறம் கொட்டேஷன், ஆர்டர். வெளிநாட்டுப் பதிப்பு என்றால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றி, வகைப்படுத்தி, முதுகில் எண் ஒட்ட வேண்டும். எதைத் தாண்டினாலும் தணிக்கையில் நூலகர்தான் மாட்டுவார்.

நூலகத்துக்கு ஒதுக்கியதில் மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். அதனால் துறைகள் வாய் திறக்காவிட்டாலும் நூலகர் வாங்கியே தீருவார், கடைக்காரரிடம் அன்றைக்கு இருப்பு உள்ளதை. யாரும் கேட்காத வழிகாட்டி நூல்கள் மினுமினுக்கும் அட்டையோடு அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்பது இப்படித்தான். உங்கள் மௌனமும் ஒரு பரிந்துரைதான், போ.

2025 தொடக்கத்தில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே என்பாய். அது ஆய்விதழ்களுக்கு. பாடநூலுக்கு நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சீர்காழி ரங்கநாதனும் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டுத்தான் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகம் பயன்படுவதற்கே என்பதை 1931-இல் நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். எந்தப் புத்தகம் பயன்படும் என்பதை வகுப்பெடுப்பவர்தானே சொல்ல முடியும்?

டிசம்பர் செமஸ்டருக்கு வேண்டியதை ஜூலையிலேயே கேள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பதிப்பகம், 13 இலக்க ஐஎஸ்பிஎன், எந்தத் தாளுக்கு, எத்தனை மாணவர் என எல்லாவற்றையும் எழுது. ஐஎஸ்பிஎன்னில் கவனம் வேண்டும். மலிவான இந்தியப் பதிப்புக்கு எண் வேறாக இருக்கும், மாற்றி எழுதினால் பல மடங்கு விலையில் ஒரே பிரதி வந்து நிற்கும். படிவத்தின் நகலை மறக்காமல் வைத்துக்கொள். ஆகஸ்டில் ஒருமுறை நேரில் போய் விசாரி.

பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு, பதிப்பு விவரங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா