சேவையகங்களின் நலச்சோதனை

சேவையகம் ஒன்று இயங்கிக்கொண்டிருத்தல் வேறு. வந்தவர்க்கு விடை கொடுக்க வல்லதாய் இருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலால் மேகக் கணிமையில் விளையும் இடர்கள் பல. நம் கல்லூரியிற் கற்றோருட் பலர் இன்று கணினித் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். மேல் வகுப்பு மாணவர் பலரும் அதனை நாடுகின்றனர். ஆதலின் இவ்வேறுபாட்டையும், அதனை அறிதற்பொருட்டு அமைக்கப்படும் நலச்சோதனையையும் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பெருந்தொகையினர் நாடும் இணையத்தளம் எதுவும் ஒரே சேவையகத்தில் நிலைபெறுவதில்லை. ஒரே வேலையைச் செய்யவல்ல சேவையகங்கள் பல நிறுத்தப்படுகின்றன. அவற்றின் முன்னே நின்று, வரும் வேண்டுகோள்களைப் பங்கிட்டு அனுப்பும் கருவி லோட் பலன்சர் எனப்படும். நாம் அதனைச் சுமைப்பகிர்வி என வழங்குவோம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே பல்லாயிரம் மாணவர் ஒரே வேளையில் ஒரு தளத்தை நாடும்போது இதன் அருமை விளங்கும். ஆனால், நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்று பழுதுற்றால் அதனைச் சுமைப்பகிர்வி எவ்வாறு அறியும்? குறித்த இடைவேளைதோறும் ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஒரு சிறு வினாவை அனுப்பி, விடை வருகின்றதா என நோக்கும். இதுவே நலச்சோதனை. விடை வராதாயின் அச்சேவையகம் வரிசையினின்றும் நீக்கப்படும். மீண்டும் விடை வரத் தொடங்கின் சேர்க்கப்படும்.

இச்சோதனைக்கு நான்கு அளவுகள் வேண்டும்: இடைவேளை, விடைக்குக் காத்திருக்கும் எல்லை, எத்தனை முறை தவறினால் நீக்குவது, எத்தனை முறை தேறினால் மீளச் சேர்ப்பது என்பன. அமேசன் நிறுவனத்தின் பிரயோகச் சுமைப்பகிர்வியில், நாம் எதனையும் மாற்றாவிடின், இடைவேளை 30 செக்கன், காத்திருப்பு 5 செக்கன், தவறு 2, தேர்வு 5. இவற்றைக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். சோதனை ஒன்றிலே தேறிய மறுகணமே சேவையகம் செயலற்றதாகக் கொள்க. அடுத்த வினா 30 ஆவது செக்கனில் வரும். அதற்கடுத்தது 60 ஆவது செக்கனில். அதற்கும் 5 செக்கன் காத்திருந்த பின்னரே அது நீக்கப்படும். எனவே ஒரு நிமிடத்துக்கு மேலாகப் பயன்படுத்துவோருள் ஒரு பங்கினர் செயலற்ற சேவையகத்துக்கே அனுப்பப்படுவர்.

அங்ஙனமாயின் இடைவேளையை 5 செக்கனாகக் குறைத்துவிடலாமே எனின், குறைக்கலாம். ஆனால் அதற்கும் விலை உண்டு. நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்காகப் பிரயோக மென்பொருள் சில செக்கன் தயங்கி நிற்பதுண்டு. அத்தயக்கத்தைச் சாவெனக் கொண்டு நல்ல சேவையகத்தை நீக்கிவிடல் தகாது. மேலும், சுமைப்பகிர்வி என்பது பெயரளவில் ஒன்றாயினும் உள்ளே பல கணுக்களை உடையது. ஒவ்வொரு கணுவும் தனித்தனியே வினவும். ஆதலின் சேவையகத்துக்கு வந்து சேரும் வினாக்கள் நாம் எண்ணியதிலும் மிகுதியாகவே இருக்கும். அதன் பதிவேட்டை முதன்முறை புரட்டுவோர் இதனைக் கண்டு திகைப்பது வழக்கம்.

எண்களை அமைத்தல் எளிது. எதனை வினவுவது என்பதே கடினம்.

மிக எளிய வினா, இணைப்பு ஏற்கப்படுகின்றதா என்பது மாத்திரம். இது பெரிதும் ஏமாற்ற வல்லது. இணைப்பை ஏற்பது பணிசெயல் முறைமையின் வேலை. பிரயோக மென்பொருள் உறைந்து கிடப்பினும் வாயில் திறந்தே இருக்கும். வாயிற்காவலன் வணக்கம் சொன்னான் என்பதனால் வீட்டார் நலமென்று துணிதல் எங்ஙனம் பொருந்தும்?

இதனினும் கொடியது வேறொன்றுண்டு. தட்டு நிரம்பிய சேவையகம் ஒன்று, வந்த வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் பிழைச்செய்தியையே விடையாகக் கொடுக்கின்றது எனக் கொள்வோம். வேலை எதுவும் செய்யாமையால் அது ஏனையவற்றினும் விரைவாக விடை கூறும். நிலுவையிலுள்ள வேண்டுகோள் எதனிடம் குறைவோ அதனிடமே அடுத்ததை அனுப்பும் முறையில் சுமைப்பகிர்வி அமைந்திருப்பின், அது இப்பழுதுற்ற சேவையகத்தையே பெரிதும் நாடும். பத்திலொன்று பழுதாயின் பத்திலொரு பங்குதானே கெடும் என்னும் கணக்கு இங்கே பொய்த்துவிடுகின்றது.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் ஆழமாக வினவுவோம் எனச் சிலர் துணிவர். சோதனை வரும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் தொட்டுப் பார்க்கும்படி அமைப்பர். நோக்கம் நல்லதே. ஆனால் பின்னால் உள்ள சேவையகங்கள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தையே நம்பியிருக்கின்றன. அது சிறிது நேரம் தளர்ந்தாலும் எல்லாச் சேவையகங்களும் ஒரே கணத்தில் தவறும். வரிசையில் எவரும் இல்லை என்னும் நிலையில், மேற்கூறிய அமேசன் சுமைப்பகிர்வி எல்லாவற்றையும் நலமென்றே கொண்டு வேண்டுகோள்களை அனுப்பத் தலைப்படும். இது அறிவுடைய ஏற்பாடே. ஆயினும், தவறிய சேவையகத்தை அழித்துப் புதியதை எழுப்பும் தன்னியக்கக் குழுவொன்றும் இச்சோதனையையே நம்பியிருப்பின், நல்ல சேவையகங்கள் யாவும் அழிக்கப்படும். தரவுத்தளத்தின் தலைவலிக்குச் சேவையகத்தின் தலையை வாங்கியதாக முடியும்.

ஆதலின் நாம் கொள்ளும் கருத்து இது: சுமைப்பகிர்வியின் வினா, அச்சேவையகத்துக்கே உரிய குறைகளை மாத்திரம் ஆராய்தல் வேண்டும். மென்பொருள் விடை கூறுகின்றதா, தட்டில் எழுத முடிகின்றதா, உடனிருந்து உதவும் நிரல்கள் உயிருடன் உள்ளனவா என்பன போன்றவை அவை. எல்லோர்க்கும் பொதுவான பொருள்களின் நிலையை வேறொரு கண்காணிப்பு நோக்கி, மனிதர்க்கு அறிவிக்கட்டும். நீக்குவதா இல்லையா என்னும் முடிவை அதனிடம் கொடுத்தல் ஆகாது. குபெர்னெற்றிஸ் என்னும் முறைமை, உயிருண்டா என்னும் வினாவையும் ஆயத்தமா என்னும் வினாவையும் வெவ்வேறாக வைத்திருப்பது மிகப் பொருத்தமே. முன்னதில் தவறியது மீளத் தொடக்கப்படும். பின்னதில் தவறியதற்கு வேண்டுகோள் அனுப்பப்படாது.

சோதனையே இடராக மாறியதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி, நம்மவர் தீபாவளி கொண்டாடிய அன்று, இலங்கை நேரப்படி நண்பகல் 12.18 அளவில் அமெரிக்காவின் வட வேர்ஜினியாவிலுள்ள அமேசன் நிலையத்திலே டைனமோ டிபி என்னும் தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவு, தன்னியக்க முறைமையின் குறையொன்றால் வெறுமையாயிற்று. அப்பதிவு சில மணி நேரத்திற் சீர்செய்யப்பட்டது. எனினும் அதனைச் சார்ந்த வேலைகள் தேங்கி, புதிதாக எழுப்பப்பட்ட சேவையகங்களுக்கு வலையமைப்பு விபரங்கள் காலந்தாழ்த்தே சென்று சேர்ந்தன. வலையமைப்புச் சுமைப்பகிர்வியின் நலச்சோதனைப் பகுதியோ, அவ்விபரங்கள் முற்றாகச் சேருமுன்னரே அச்சேவையகங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. விளைவு யாது? ஒருமுறை தவறும், மறுமுறை தேறும். கணுக்களும் பின்னுள்ள சேவையகங்களும் நீக்கப்படுவதும் சேர்க்கப்படுவதுமாக அலைந்தன. அவ்வலைச்சலே நலச்சோதனைப் பகுதியின் சுமையைப் பெருக்கி அதனையும் தளரச் செய்தது. அத்தளர்ச்சியால் நலமாயிருந்த வளங்களும் வரிசையினின்றும் அகற்றப்பட்டன. அன்றிரவு 10.06 அளவில் பொறியியலாளர் செய்தது, தவறியவற்றைத் தானாகவே அகற்றும் ஏற்பாட்டை நிறுத்திவைத்ததாகும். அதன் பின்னரே நல்லவை யாவும் வேலைக்கு மீண்டன. ஏனையவை சீரடைந்த பின், நள்ளிரவு கடந்து 2.39 அளவில் அவ்வேற்பாடு மீள இயக்கப்பட்டது. ஒரு சுமைப்பகிர்வி ஒரே வேளையில் எவ்வளவு வளத்தை அகற்றலாம் என்பதற்கு வரம்பு கட்டப்போவதாக அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. வைத்தியருக்கே சுரம் கண்டால் அவர் எழுதும் சீட்டை எத்துணை நம்பலாம் என்பதை முன்கூட்டியே எண்ணிவைத்தல் வேண்டும் போலும்.

சிறிய அமைப்புக்களிலும் இத்தகைய தொடர் வீழ்ச்சி நேர்வதுண்டு. இரண்டே சேவையகங்கள் இருக்க, ஒன்று நீக்கப்படின் மற்றது இருமடங்கு சுமக்கும். சுமை தாளாது அதுவும் விடை கூறத் தாமதிப்பின் அதுவும் நீக்கப்படும். ஆகவே ஒன்று போயினும் எஞ்சியவை தாங்குமா எனக் கணக்கிட்ட பின்னரே சோதனையின் அளவுகளை இறுக்குக.

இனி, புதிதாக இத்துறையிற் புகும் மாணவர்க்குப் பயன்படும் சில. சோதனை முகப்புப் பக்கத்தை நாடும்படி விடப்பட்டு, அப்பக்கமோ புகுபதிகைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுமாயின், விடை 200 என்று வராமல் 302 என்று வரும். 200 ஒன்றையே ஏற்கும் சுமைப்பகிர்வி நல்ல சேவையகத்தை நோயாளி என்று எழுதிவிடும். சோதனைக்கெனத் தனிப்பாதை ஒன்றை அமைத்தல் நன்று. சில மென்பொருள்கள் தம் பெயர் கூறி வரும் வேண்டுகோளையே ஏற்கும். சோதனையோ இலக்க முகவரியைக் கூறி வருதலின் 400 என்று மறுக்கப்படும். தீச்சுவரும் வழி மறிக்கக்கூடும். கூகிளின் சோதனைகள் பெரும்பாலும் 35.191.0.0/16, 130.211.0.0/22 என்னும் முகவரித் தொகுதிகளிலிருந்தும், மைக்ரோசொப்ற் அசூரின் சுமைப்பகிர்விச் சோதனை 168.63.129.16 என்னும் முகவரியிலிருந்தும் வருவன. அவற்றுக்கு வழி விடல் வேண்டும்.

அமைத்தபின் பரீட்சித்துப் பார்த்தல் இன்றியமையாதது. சேவையகத்தை முற்றாக அணைத்துப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அதனை எந்தச் சோதனையும் கண்டுபிடிக்கும். மென்பொருளை அழிக்காது உறையச் செய்யும் சைகை ஒன்று லினக்ஸில் உண்டு. அதனைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை நோக்குக. இணைப்பை மாத்திரம் வினவும் சோதனை, அச்சேவையகம் நலமாயுள்ளது என்றே தொடர்ந்து கூறிக்கொண்டிருக்கும்.