முதுமையை எழுத வந்திருக்கும் இளம் அறிவியல் எழுத்தாளருக்கு

சாகாமல் வாழ மனிதன் அறிவியலைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதுமையில் வரும் நோயையும் தளர்ச்சியையும் தள்ளிப்போடலாமா என்பது ஒன்று. சாவையே இல்லாமல் செய்யலாமா என்பது மற்றொன்று. தள்ளிப்போடலாம், போடத்தான் வேண்டும். மருத்துவம் இருப்பதே அதற்காகத்தான். சாவை ஒழிப்பதற்கோ மனித உடலில் இன்றுவரை ஓர் ஆதாரமும் இல்லை. 'இனி மரணம் இல்லை' என்ற தலைப்பில் வெளிவந்திருக்கும் இளம் எழுத்தாளரின் நீண்ட கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. முதலாவதில் கிடைத்த வெற்றிகளை இரண்டாவதன் கணக்கில் வரவு வைக்கிறது. டெலோமியர், ஸ்டெம் செல் பற்றியெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது கட்டுரையிலேயே தெரிகிறது. அவற்றை இங்கே விளக்க வேண்டியதில்லை. அதியமானின் நெல்லிக்கனியில் தொடங்கும் முதல் பத்தியை அப்படியே எடுத்துவிடலாம். ஆயுளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பல அந்தக் கனியோடுதான் தொடங்குகின்றன. ஒன்றாவது வேறு வாசல் வழியாக நுழையட்டும். ஆனால் விடவே முடியாத குறைகள் இரண்டு உண்டு.

முதலாவது சராசரியைப் பற்றியது. 'விடுதலை பெற்றபோது இந்தியர் 32 வயதில் இறந்தார்கள், இன்று 70 வயது வரை வாழ்கிறார்கள், இதே வேகத்தில் போனால் 150 தொலைவில் இல்லை' என்கிறது கட்டுரை. 32 என்பதும் 70 என்பதும் பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் சராசரி ஆயுள். பத்துப் பிள்ளைகள் பிறந்து, நால்வர் ஒரு வயதில் இறந்து, மற்ற ஆறு பேரும் அறுபது வரை வாழ்ந்தால் சராசரி 36 ஆண்டு சொச்சம். அந்தப் பத்துப் பேரில் முப்பத்தாறு வயதில் இறந்தவர் ஒருவரும் இல்லை. அன்றைய தெருக்களிலும் எண்பது வயதுக் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். சராசரியை ஏற்றியதில் பெரும்பங்கு தொட்டிலைக் காலியாக்கிய சாவுகளைத் தடுத்ததற்கு உரியது: அம்மைத் தடுப்பூசி, சுத்தமான குடிநீர், ஆன்டிபயாடிக், மருத்துவமனைப் பிரசவம். மனித ஆயுளின் உச்ச வரம்பு அதே அளவுக்கு நகரவில்லை. பிரான்சின் ஆர்ல் நகரில் 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்து 1997-இல் இறந்த ழான் கல்மோவின் வயதை இதுவரை எவரும் தாண்டவில்லை.

இந்தப் பிழையை மன்னிப்பது கடினம். இளம் எழுத்தாளர் கணிதம் படித்தவர் என்பதால் இன்னும் கடினம். லண்டனில் காப்பீட்டுக் கணக்கராக இருந்த பெஞ்சமின் கோம்பர்ட்ஸ், வயது ஏற ஏறச் சாவின் வாய்ப்பு பெருக்கல் முறையில் ஏறுகிறது என்று 1825-இலேயே காட்டிவிட்டார். வயதுவந்தோரிடம் அது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதனால்தான் புற்றுநோயை முற்றிலும் ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு அளவில்தான் கூடும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். புற்றுநோயிலிருந்து தப்பிய எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இதயமும் மூளையும் அடுத்த வரிசையில் காத்திருக்கின்றன. ஒவ்வொரு நோயாகத் துரத்துவதை விட்டு முதுமையையே ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது இந்தக் கணக்கிலிருந்துதான். கட்டுரை தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

இரண்டாவது குறை, எந்த விலங்கு என்று சொல்லாமல் விட்டது. கட்டுரையில் பல இடங்களில் 'விஞ்ஞானிகள் ஆயுளை நீட்டித்துள்ளனர்' என்று வருகிறது. யாருடைய ஆயுளை என்பது ஓர் இடத்திலும் இல்லை. சிந்தியா கென்யனின் குழு 1993-இல் ஒரே மரபணுவை மாற்றி ஆயுளை இரட்டிப்பாக்கியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவுக்கு. அந்தப் புழு சாதாரணமாக வாழ்வதே இரண்டு மூன்று வாரம். உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பது குரங்குவரை வந்ததும் சிக்கலாகிவிட்டது. விஸ்கான்சின் ஆய்வில் குறைவாக உண்ட குரங்குகள் கூடுதலாக வாழ்ந்தன. அமெரிக்க தேசிய முதுமையியல் நிறுவனத்தின் குரங்குகளில் 2012-இல் அந்தப் பலன் தெரியவில்லை. இரண்டு இடத்து உணவும் வேறு. விஸ்கான்சினில் கொடுத்த உணவில் சர்க்கரை மிக அதிகம். வேண்டிய மட்டும் இனிப்பைத் தின்ற குரங்கோடு ஒப்பிட்டால் குறைவாகத் தின்ற குரங்கு நன்றாகத்தான் தெரியும்.

ஈயத்தில் அச்சுக்கோத்த நாட்களில் தமிழ் இதழ் அலுவலகங்களில் அறிவியல் பக்கத்தின் முதல் வாசகர்கள் அச்சுக்கோப்பவர்கள்தான். வெளிநாட்டு ஏஜென்சிச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கிக் கீழே அனுப்புவார்கள். எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்து நின்றபடி கோப்பவர்கள் எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். அப்படி ஒருநாள், முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து பற்றிய செய்தியைக் கோத்த ஒருவர், மை படிந்த விரலால் மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாடியேறி வந்தார். எந்தக் கடையில் கிடைக்கும், அப்பாவுக்கு வாங்க வேண்டும் என்று கேட்டார். மூலச் செய்தி எலிகளைப் பற்றியது. தமிழாக்கத்தில் எலி உதிர்ந்துபோயிருந்தது. அதன் பிறகு அங்கிருந்த மூத்த உதவி ஆசிரியர் ஒவ்வொரு புரூஃபின் ஓரத்திலும் நீலப் பென்சிலால் மூன்று கேள்வி எழுதுவார்: எந்த விலங்கு, எந்த வயதில், எவ்வளவு மருந்து. பதில் வராத பக்கம் அச்சுக்குப் போகாது. அந்தப் பென்சில் இன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. எழுதுபவரே அதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மூன்று கேள்வியோடு ராபமைசின் என்ற மருந்தை அணுகினால், கட்டுரை அதற்கு ஒதுக்கிய நான்கு வரி ஒரு முழு அத்தியாயமாக விரியும். ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் போன ஆய்வுக்குழு எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து, மான்ட்ரியல் மருந்து ஆய்வகத்தில் பிரிக்கப்பட்ட பொருள் அது. பிரித்தவர்களில் முதன்மையானவர் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். ஆய்வகம் மூடப்பட்டபோது அந்த நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றியவரும் அவரே. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க 1999-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 600 நாள் வயதான, அதாவது மனிதரில் அறுபதை ஒத்த சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்துபோகும் வயது பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போயிற்று. முதுமை தொடங்கிய பிறகு கொடுத்தும் பலித்தது என்பது பெரிய செய்தி. கொண்டாட வேண்டிய செய்தி. கூடவே சொல்ல வேண்டியது, இது நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து என்பது. வாய்ப்புண் வரும், ரத்தக் கொழுப்பு ஏறும், காயம் ஆறத் தாமதமாகும். கிருமி அண்டாத கூண்டில் வாழும் சுண்டெலிக்குப் பலித்தது, காசநோய் புழங்கும் ஊரின் முதியவருக்கு அப்படியே பலிக்கும் என்று எழுதக் கூடாது.

சாகாமை என்ற கனவின் அடிப்படைச் சிக்கல் செல்லுக்குள் இருக்கிறது. கட்டுரை அதைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் காரல் 1912-இல் கோழிக்கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். அது 1946 வரை வளர்ந்துகொண்டிருந்ததால், தனியே பிரித்த செல்லுக்குச் சாவில்லை என்று உலகம் நம்பிற்று. நோபல் பரிசு பெற்றவர் சொன்னதை மறுக்க ஆளில்லை. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் மனிதச் செல்கள் ஐம்பது முறை அளவில் பிரிந்ததும் நின்றுவிடுவதைக் கண்டார்கள். வளர்ப்பில் கோளாறோ என்ற ஐயத்தைத் தீர்க்க ஒரு சோதனை செய்தார்கள். பலமுறை பிரிந்து முதிர்ந்த ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த பெண் செல்களையும் ஒரே குப்பியில் கலந்து வைத்தார்கள். தனியே வைத்த ஆண் செல்கள் பிரிவதை நிறுத்திய நாளில் கலவைக் குப்பியைப் பார்த்தார்கள். அதில் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. ஒரே ஊட்டம், ஒரே சூடு, ஒரே கண்ணாடி; முதிர்ந்தவை போயின, இளையவை இருந்தன. தன் கணக்கைச் செல் தானே வைத்திருக்கிறது. 1961-இல் வந்த இந்த முடிவின்முன் காரலின் கோழித் திசு நிற்கவில்லை. ஊட்டமாக ஊற்றிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்பது பின்னர் பலர் ஏற்ற விளக்கம்.

நின்றுவிடாமல் பிரியும் மனிதச் செல்லும் உண்டு. பால்டிமோரில் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. செல்லின் கணக்கைத் திரும்பத் திரும்ப அழித்தெழுதும் டெலோமரேஸ் நொதி புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் விழித்திருக்கிறது. யமனகா என்ற ஆய்வாளர் கண்டறிந்த நான்கு மரபணுக் காரணிகள் முதிர்ந்த செல்லை இளமைக்குத் திருப்புவதும் உண்மை. சுண்டெலியின் உடலில் அவற்றை நிறுத்தாமல் இயக்கியபோது கட்டிகள் முளைத்ததும் உண்மை. பிரிவதற்கு வரம்பு இருப்பது புற்றுக்கு எதிரான காவல். இதில் ஓர் அழகு இருக்கிறது. அதைக் கட்டுரை தவறவிட்டது வருத்தமாக இருக்கிறது. ஹேஃப்ளிக் வளர்த்த டபிள்யூ.ஐ.-38 என்ற செல் வரிசை சாகக்கூடியது, இயல்பானது, புற்றின் சாயல் இல்லாதது. அதனாலேயே நம்பி அதில் ருபெல்லா தடுப்பூசிக்கான வைரஸை வளர்த்தார்கள். கருவிலிருக்கும் குழந்தைகளைக் குருட்டிலிருந்தும் செவிட்டிலிருந்தும் காப்பாற்றியவை சாகத் தெரிந்த செல்கள்.

இறந்தவர் உடலை உறைய வைப்பது பற்றிய பகுதி இல்லாமலே கட்டுரை நிற்கும். 1967 முதல் உறைந்திருப்பவர்களில் எழுந்தவர் எவருமில்லை. 'இயற்கைக்கு விரோதம்' என்ற எதிர்வாதத்துக்குக் கொடுத்திருக்கும் இரண்டு பக்கமும் வீண். அப்படிப் பார்த்தால் கண்புரை அறுவையும் இயற்கைக்கு விரோதம்தான். பணக்காரருக்கு மட்டும் கிடைக்கும் என்ற வாதத்தில் சத்து உண்டு. மதுரையில் அதற்கு விடையும் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் அங்கேயே செய்து விலையை இறக்கினார்கள். முதுமையோடு போரிட்ட அறிவியல் ஏழைக்கும் எட்டிய கதை அது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2024-இல் எழுதிய 'வை வீ டை' நூலையும் முழுக்கப் படித்தாக வேண்டும். முதுமை ஆய்வில் எது ஆதாரம், எது பணம் பேசும் பேச்சு என்று பிரித்துக் காட்டும் நூல்.

இவ்வளவு குறைக்கும் நடுவில், பதினொன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. முதியோர் மருத்துவத்துக்கு 1978-இலேயே தனிப் பிரிவு கண்ட சென்னை அரசு பொது மருத்துவமனையில் காத்திருப்போர் வரிசையைப் பற்றியது அது. எண்பது வயது அம்மா ஒருவர் மருத்துவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தரையில் உட்கார்ந்தால் யார் கையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு பத்திக்காக மொத்தக் கட்டுரையையும் இரண்டாம் முறை படிக்கலாம். தமிழில் முதுமையைப் பற்றி இவ்வளவு கூர்ந்து, இவ்வளவு அன்போடு எழுதிய உரைநடை அரிது. பெரிய எழுத்தாளர்கள் பொறாமைப்படும் பத்தி. ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மருத்துவர் 1980-இல் முன்வைத்த இலக்கை, நோயோடு கிடக்கும் காலத்தை ஆயுளின் கடைசியில் ஒரு குறுகிய காலத்துக்குள் சுருக்குவதை, அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். தசை ஏன் கரைகிறது, எழுபதுக்குப் பிறகும் பயிற்சியால் அது ஏன் வளர்கிறது, புரதம் குறைந்த நம் சாப்பாட்டுத் தட்டுக்கு அதில் என்ன பங்கு என்று அடுத்த கட்டுரை அங்கிருந்து கிளம்பலாம்.

நூலாக வரும்போது தலைப்பை மாற்றி, 32-ஐ விளக்கி, 'விஞ்ஞானிகள் ஆயுளை நீட்டித்துள்ளனர்' என்று வரும் ஒவ்வொரு வரியிலும் அந்த விலங்கின் பெயரைச் சேர்த்து, பதினொன்றாம் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.