மண் குதிரையும் பத்துக் கோடி விதைகளும்



"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். அது குதிரை இல்லையாம், 'குதிர்', அதாவது ஆற்று நடுவில் இருக்கும் மணல் மேடு என்று தமிழ் ஐயா வகுப்பில் சொன்னார். எப்படியோ, மண் குதிரைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. சூளையில் சுட்ட குதிரையை ஆற்றில் போட்டால் மூழ்கும், ஆனால் கரையாது. ஏன் கரையாது என்பதில்தான் இந்தப் பாடமே இருக்கிறது.

நம்ம பக்கத்து முனியப்பன் கோயில்களில் பெரிய பெரிய மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு! ஏரிக் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய் மாதிரி. அவை கொஞ்சம் இறுகிய பிறகுதான் மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உடம்பைத் தூக்குகிறார்கள். மண்பாண்டம் செய்யும் தாத்தா ஒருவரிடம், "ஒரே நாளில் முடிக்கக் கூடாதா தாத்தா?" என்று கேட்டேன். "காலு ஈரமா இருக்கறப்ப உடம்ப ஏத்துனா குதிரை உக்காந்துரும் கண்ணு" என்றார். உமி எதற்கு? சுடும்போது அது எரிந்து போய்ச் சிறு சிறு துளைகள் உண்டாகும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி அந்த வழியாக வெளியேறும். வழி இல்லாவிட்டால் சூளைக்குள்ளேயே வெடித்துவிடும். குதிரையின் உடம்பில் ஓட்டை விடுவதும் இதற்குத்தான். நான் இத்தனை நாள் அது அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

வைக்கோல், வறட்டி, விறகு அடுக்கி, மேலே சேறு பூசி நெருப்பு வைப்பார்கள். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருக்கும் நீரும் போய்விடுகிறது. அதன் பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பக் களிமண் ஆகாது. கீழடியில் 2000 வருடங்களுக்கு மேற்பட்ட பானை ஓடுகள் கிடைத்தது இதனால்தான். இதே மண்பாண்ட வேலையில் நல்ல வெள்ளைக் களிமண்ணை 1300 டிகிரி வரை சுட்டால் பீங்கான்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கே இந்த வேலை செய்யும் வி.கே.முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. குயவர் வேலைக்குப் பத்மஸ்ரீயா என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். ஏன், கூடாதா? அதே புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். மீக்கர் பச்சை மண்ணில் வீடு கட்டி, வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பு மூட்டிச் சுட்டவர்!

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஐ வெய்வெய் என்ற சீனக் கலைஞர்தான். 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பெரிய கூடம் நிறைய சூரியகாந்தி விதைகளைக் கொட்டி வைத்தார். பார்த்தால் விதை, எடுத்தால் பீங்கான்! மொத்தம் பத்துக் கோடி. ஜிங்டெஜென் என்ற பழைய பீங்கான் ஊரில் சுமார் 1600 பேர் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்து, ஒவ்வொரு விதையிலும் தூரிகையால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. முதலில் மக்கள் அதன் மேல் நடந்தார்கள். தூசி கிளம்பி உடம்புக்கு ஆகாது என்று சில நாளில் நிறுத்திவிட்டார்கள்.

விதை என்ன பெரிய அதிசயம்ங்க? நாமக்கல்லில் பத்துக் கோடி முட்டையைப் பீங்கானில் செய்து வைத்தால் நாம் சிரிப்போம். ஆனால் சீனாவில் மாவோ காலத்துச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன், மக்கள் அவரைப் பார்த்துத் திரும்பும் சூரியகாந்திப் பூக்கள். ஏழைகள் பகிர்ந்து கொறித்ததும் இந்த விதைதான். எல்லோருக்கும் தெரிந்த உருவம் என்பதால், விளக்கமே இல்லாமல் அவர்களுக்குப் புரிந்துவிடும். நம் ஊரில் குதிரைக்கு அந்த இடம். ராத்திரியில் முனியப்பன் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மாரியம்மன் கோயிலில் கண், கை, கால் என்று மண்ணில் உருவாரம் வைக்கிறோமே, அதையும் யாரும் நமக்கு விளக்கியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கோயில் குதிரைக்குக் கால் உடைந்துவிட்டது. "சிமெண்டில் வெச்சா நூறு வருசம் நிக்கும், பெயிண்ட் அடிச்சா போதும்" என்கிறார்கள் பெரியவர்கள். சிமெண்ட் குதிரை தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பி போட்டுக் கட்டினால் உயரமாகவும் கட்டலாம். ஆனால் அதை ஒரு முறை செய்தால் முடிந்தது. மண் குதிரை உடைய உடைய அடுத்த நேர்த்திக்கடனுக்கு ஒருவர் செய்து கொடுக்க வேண்டும். அப்படிச் செய்ய எங்கள் ஊரில் அந்தத் தாத்தா ஒருவர்தான் மிச்சம். அவர் மகன் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறார். மண்ணுக்குத் தடை என்றும் சொல்ல முடியாது. மண்பாண்டத் தொழிலுக்கு ஏரி மண்ணை இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு வழி செய்திருக்கிறது. ஆர்டர் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அடுத்த அமாவாசைக்கு ஊர்க் கூட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஓவிய வகுப்புக்கு வெள்ளிக்கிழமை களிமண் கொண்டு வருபவர்கள் கல், வேர் பொறுக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள். செய்யும் பொம்மைகளைத் தன் சூளையில் வைத்துத் தருவதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார். கட்டை விரலை விடத் தடிமனாக இருந்தால் உள்ளே குடைந்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பொம்மை வெடிப்பதோடு பக்கத்தில் இருப்பவன் பொம்மையையும் உடைக்கும்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி